குள்ளனுக்கு இரண்டு தொழில்

என் வாழ்நாளில் பிறர் இடத்துக்குள் திருட்டுத்தனமாக நுழைந்தது ஒரே ஒரு முறை. அப்போது எனக்கு அறுபத்திரண்டு வயது, இரத்த அழுத்தத்துக்கு நாளைக்கு இரண்டு மாத்திரை. நுழைந்த இடம் ஒரு கோட்டை. அதற்குள் சிறைப்பட்டிருந்தது என் மனைவி. இவ்வளவும் பீளமேட்டில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல், ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கும் மாலைக் காப்பிக்கும் நடுவே நடந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மாப்பிள்ளை அமெரிக்காவில் படித்துவிட்டு வந்தவர். மறுபடியும் அங்கே வேலைக்குப் போகக் காகிதங்கள் வர வேண்டியிருந்தது. அதுவரை அவரும் என் மகளும் எங்களோடு இருந்தார்கள். அவர் கொண்டுவந்த பெட்டியில் துணியைவிடப் புத்தகம் அதிகம். அதில் மூன்று தடித்த புத்தகங்கள் ஒரு விளையாட்டின் விதிகள் மட்டுமே என்று தெரிந்தபோது, ஒரு விளையாட்டுக்கு இத்தனை பக்கமா என்று கவலைப்பட்டேன். எதற்கும் கவலைப்படுவது என் சுபாவம். வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்காமல் நான் தெருவில் இறங்கியதில்லை.

அந்த விளையாட்டுக்குப் பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதை சொல்லி நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக்கொண்டு, அந்தப் பாத்திரம் இப்போது என்ன செய்கிறது என்று வாயால் சொல்ல வேண்டும். சொன்னது பலிக்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும். பகடைகள் நம் தாயக்கட்டை போல இல்லை. நான்கு முகத்தில் தொடங்கி இருபது முகம் வரைக்கும் இருந்தன. உருட்டுவதற்கு முன் ஒவ்வொன்றின் முகங்களையும் எண்ணிப் பார்த்தேன். சரியாக இருந்தன.

மாப்பிள்ளை கதை நடத்தினார். என் மகள் வில்லாளி. என் மனைவி மூலிகை தெரிந்த வைத்தியச்சி. நான்காவது ஆள் சம்பந்தி, மாப்பிள்ளையின் அப்பா. காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் ஆலை வைத்திருந்தார். மகன் கடல் தாண்டிப் போவதற்குள் பார்த்துக்கொள்ளலாம் என்று ஞாயிறுதோறும் பஸ் ஏறி வருவார், கையில் ஒரு எண்ணெய் டின்னோடு. சம்பந்தியம்மா கட்டுத்தரையில் நிற்கும் மாடுகளை விட்டு நகரமாட்டார். முதல் வாரம் மகன் விளையாடுவதை வேடிக்கை பார்த்த சம்பந்தி, இரண்டாம் வாரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பெரிய வாள் வைத்திருக்கும் வீரன் ஆகிவிட்டார்.

எனக்குப் பாத்திரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கதையில் யாராவது செத்துப்போவார்கள் என்றால் எனக்கு அன்று தூக்கம் வராது. கணக்கு வைத்துக்கொள்ள மட்டும் ஒப்புக்கொண்டேன். எத்தனை அம்பு மிச்சம், எத்தனை தீப்பந்தம், எத்தனை ரொட்டி. முப்பத்து நான்கு வருடம் ஒரு நூற்பாலையின் சோதனைக் கூடத்தில் இருந்தவன் நான். நூலைக் கறுப்புப் பலகையில் சுற்றி அதில் தெரியும் சிறு முடிச்சுகளை எண்ணுவது என் வேலை. எண்ணாமல் உட்கார்ந்திருக்க எனக்கு வராது.

விதிகள் ஆயிரம் இருந்தாலும் மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கென்று ஒரு விதியை வைத்தார். மேசையில் வாய்விட்டுச் சொன்னது எதுவோ, அதைக் கதையிலும் அந்தப் பாத்திரம் வாய்விட்டுச் சொன்னதாகவே கொள்ளப்படும். சொல்லிவிட்டு, இல்லை இல்லை சும்மா சொன்னேன் என்று பின்வாங்கக் கூடாது. அந்த விதிதான் என் மனைவியைப் பிடித்துக் கொடுத்தது.

கதை இப்படிப் போயிற்று. ஒரு கிராமத்துக் கோயில் மணியை மலைக்கோட்டைப் பிரபு ஒருவன் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அதை மீட்டுவர மூவரும் போனார்கள். கோட்டையின் பக்கவாட்டுக் கதவுக்கு முதலில் வந்து சேர்ந்தது வைத்தியச்சி. அன்று என் மனைவி மேசையிலேயே முறத்தை வைத்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை குரலைத் தாழ்த்தி, "கதவு லேசாத் தொறந்திருக்குதுங்க அத்தை. உள்ள ஒரே இருட்டு. என்ன பண்றீங்க?" என்று கேட்டார்.

என் மனைவி அவரைக்காயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஏனுங்க, ஊட்ல ஆருங்க?" என்றாள்.

திறந்திருக்கும் கதவுக்கு முன் நின்றால் எங்கள் பக்கத்துப் பெண்கள் வாயில் வேறு எதுவும் வராது. கூப்பிடாமல் ஒரு வீட்டுக்குள் கால் வைப்பது அவளுக்கு முடியாத காரியம். மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்தார், பகடையைப் பார்த்தார். மாமியாருக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லும் இக்கட்டு எந்த மாப்பிள்ளைக்கும் வரக்கூடாது. ஆனால் விதியை வைத்தது அவர்தானே. உள்ளே இருந்த காவலர்களுக்குக் கேட்டுவிட்டது என்றார் மெதுவாக. வைத்தியச்சி பிடிபட்டாள். மற்ற இருவரும் காட்டுக்குள் ஓடித் தப்பினார்கள்.

சம்பந்தி சிரித்த சிரிப்பில் மேசையிலிருந்த டம்ளர் உருண்டது. "களவாங்கப் போற ஊட்டுல கூப்புட்டுப்போட்டுப் போறதை இன்னைக்குத்தான் பாக்கறேனுங்க" என்றார். அதோடு விட்டிருந்தால் சரி. ஆலைக்கு வந்துபோகிறவர்களிடம் சொன்னார். அடுத்தடுத்த வாரங்களில் வந்த இரண்டு கல்யாணத்திலும் ஒரு காதுகுத்திலும் பந்தியில் வைத்துச் சொன்னார். நல்ல மனிதர், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆனால் பெண் கொடுத்தவர்கள் பேச்சில் ஒரு படி கீழே நிற்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்தப் படி எங்கே இருக்கிறது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நானும் என் மனைவியும் ஒவ்வொரு முறையும் அவரோடு சேர்ந்து சிரித்தோம்.

அடுத்த ஞாயிறு மாப்பிள்ளை ஒரு வழி சொன்னார். பிடிபட்டவளை அப்படியே விட்டுவிட்டு அத்தை வேறு ஒரு பாத்திரத்தை எழுதிக்கொள்ளலாம். இந்த விளையாட்டில் அது சகஜம். "ஆமாங்க, ஒரு வைத்தியச்சி போனா இன்னொருத்தி" என்றார் சம்பந்தி. வெற்றுத் தாளை அம்மாவிடம் நீட்டினாள் மகள்.

என் மனைவி அதைத் தொடவில்லை. "எனக்குப் புதுசு வேண்டாமுங்க" என்றாள். "அவளை அங்க உட்டுப்போட்டு, நான் வேற ஆளா வந்து இங்க உக்கார மாட்டேன்."

மகள் தாளை மடித்து வைத்துவிட்டாள். அன்றும் அதற்கடுத்த ஞாயிறும் அவள் சிறையிலேயே உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் காட்டில் ஓநாயோடு சண்டை போடுவார்கள். நடுவில் மாப்பிள்ளை மரியாதைக்கு ஒரு முறை, சிறையில் என்ன செய்கிறீர்கள் அத்தை என்று கேட்பார். காவலர் சாப்பிட்டாரா என்று கேட்கிறேன் என்பாள். அவருக்கு இருமலாமே, சுக்கும் மிளகும் தட்டிக் கசாயம் வைக்கச் சொல்கிறேன் என்பாள். சம்பந்தி சிரிப்பார். பிறகு கதை ஓநாய்க்குத் திரும்பிவிடும்.

இதற்கிடையே வீட்டில் ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். பக்கத்து வீட்டுக்குப் போனால் என் மனைவி கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிடுவதில்லை. கொண்டியை லேசாகத் தட்டிவிட்டு, யாராவது எட்டிப் பார்க்கட்டும் என்று வாய் மூடி நிற்பாள். ஒரு தடவை அப்படி நின்றுவிட்டு, யாரும் பார்க்காததால் கொண்டுபோன கிண்ணத்தோடு திரும்பி வந்துவிட்டாள். ஏன் அம்மணி கூப்பிடவில்லை என்று கேட்டேன். தொண்டை சரியில்லை என்றாள். தொண்டை நன்றாகத்தான் இருந்தது.

அந்த வாரமே காகிதங்கள் வந்துவிட்டன. பயணத்துக்கு முன் ஒரே ஒரு ஞாயிறு மிச்சம். சம்பந்தியின் திட்டம் கோட்டை வாசலை உடைப்பது. வாசலில் கை வைத்தால் கைதியைக் கொன்றுவிடுவதாகப் பிரபு சொல்லியனுப்பியிருந்தான். அதைப் பற்றி வீரனுக்கு அவ்வளவு கவலை இருந்ததாகத் தெரியவில்லை. எனக்கு இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை மாப்பிள்ளையிடம் போய், "எனக்கும் ஒரு தாள் குடுங்க மாப்பிள்ளை" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தாளோடு அந்த மூன்று புத்தகங்களையும் தூக்கிக் கொடுத்தார்.

நான்கு நாள் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சோதனைக் கூடத்தில் எங்களுக்கு ஒரு பாடம் உண்டு. நூலின் பலத்தை அதன் தடித்த இடத்தில் பார்க்கக் கூடாது. அது அறுவது மெலிந்த இடத்தில்தான். ஆகவே என் பாத்திரம் என்னென்ன செய்வான் என்று யோசிக்காமல், எங்கே அகப்பட்டுக்கொள்வான் என்று யோசிக்கத் தொடங்கினேன். இதில் எனக்கு அறுபது வருடப் பயிற்சி இருந்தது. மதில், மாடத்தில் நிற்பவன், காலடிச் சத்தம், துருப்பிடித்த கீல், பூட்டு. எல்லாவற்றுக்கும் கடைசியில், சிறைக்கு முன்னால் விளக்கு எரியும் கூடம். காவலர்கள் அங்கேயே இருப்பார்கள் என்று கதையில் முன்பே வந்திருந்தது. அங்கே நிழல் இல்லை.

புத்தகத்தில் திருடன் என்ற தொழில் இருந்தது. அவன் சத்தமில்லாமல் நடப்பான், நிழலில் ஒளிவான், பூட்டைத் திறப்பான். ஆனால் விளக்கு வெளிச்சத்தில் அவனும் என்னைப் போல ஒரு சாதாரண ஆள்தான். மாயக்காரன் என்ற தொழில் இருந்தது. அவன் இல்லாததை இருப்பதாகக் காட்டி அந்தக் கூடத்தைக் கடந்துவிடுவான். ஆனால் கூடம் வரைக்கும் அவனால் போக முடியாது, மதிலடியிலேயே தடுக்கி விழுவான். ஒருவன் பாதி வழியில் நிற்கிறான், இன்னொருவன் மறுபாதியைத் தொடவே முடியாமல் நிற்கிறான்.

இரண்டாவது புத்தகத்தின் நடுவில் ஒரு சின்ன எழுத்துப் பத்தியில் அந்த விதியைக் கண்டேன். மனிதர்கள் ஒரு நேரத்தில் ஒரு தொழிலைத்தான் கற்கலாம். ஆனால் குள்ள இனத்தார் இரண்டைச் சேர்த்துக் கற்கலாம். மல்ட்டி கிளாஸ் என்று அதற்குப் பெயர். அதற்கு விலையும் உண்டு. பெறும் அனுபவப் புள்ளிகளை இரண்டு தொழிலுக்கும் பாதிப் பாதியாகப் பிரிக்க வேண்டும். இரண்டிலும் ஆள் மெதுவாகத்தான் வளர்வான், உயிர்ப் புள்ளிகளும் குறைவு. பென்சிலை எடுத்து இரண்டு பக்கமும் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். ஒன்பது கத்திக்குத்து தாங்கும் வீரனுக்குப் பக்கத்தில் என் ஆள் இரண்டு குத்தில் விழுவான். குத்து விழுந்தால்தானே என்று அதையும் எழுதிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சம்பந்தி ஆர்.எஸ்.புரத்தில் பட்டு எடுக்க வந்தவர், வழியில் எங்கள் வீட்டில் இறங்கினார். மேசையில் தாள்கள் பரந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு, ஆள் யார் என்று கேட்டார். இடுப்பு உயரக் குள்ளன், பாதி திருடன், பாதி மாயக்காரன் என்றேன்.

"ஆத்துல ஒரு காலு சேத்துல ஒரு காலு" என்றார். "ஒரு தொழில் தெரிஞ்சவனே அங்க நிக்க முடியலை. அரைத் தொழில்காரன் ரெண்டு சேந்தா என்னுங்க ஆவும்?"

வழக்கமாக இந்த இடத்தில் நான் சிரித்துவிட்டு உள்ளே காப்பி சொல்வேன். அன்று சொல்லவில்லை. "சம்பந்தி, நாப்பதாம் நம்பர் நூல் ஒரு இழை. எம்பதாம் நம்பர் அதுல பாதித் தடிமன். அந்த மெல்லிசு ரெண்டை முறுக்கிச் சேத்தாத் தடிமன் அதே நாப்பதுதான் வரும். ஆனா இழுத்துப் பாருங்க, ஒத்தை இழைதான் முதல்ல அறும். ஒண்ணு மெலிஞ்ச எடத்துல இன்னொண்ணு தாங்கிக்கும்."

அவர் மோவாயைத் தடவிக்கொண்டு தாளைக் குனிந்து பார்த்தார். திருட்டுத் திறமைகளுக்குப் பிரித்துக்கொள்ளக் கொஞ்சம் புள்ளிகள் தருவார்கள். பிறர் பையில் கை விடும் திறமைக்கு நான் ஒன்றுமே போடவில்லை. அந்த எண்ணம் எனக்குக் கிடையாது. பூட்டுக்கு நூற்றுக்கு அறுபத்தைந்து, சத்தமில்லாமல் நடக்க அறுபது, நிழலில் ஒளிய முப்பத்தைந்து வருமாறு பிரித்து, மிச்சமெல்லாம் காதில் போட்டிருந்தேன். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கப் பேச்சைக் கேட்கும் திறமை. அதில் இவ்வளவு போட்டவனை மாப்பிள்ளை அமெரிக்காவிலும் பார்த்ததில்லையாம்.

உடைமைப் பட்டியலில் ஒரு சிறு குப்பி தேங்காய் எண்ணெய் எழுதியிருந்தேன், கீலுக்கும் பூட்டுக்கும் விட. பனி பெய்யும் அந்த மலை நாட்டில் தேங்காய் ஏது என்று மாப்பிள்ளை ஆட்சேபித்திருந்தார். அதைச் சொன்னதும் சம்பந்தி தன் மகன் பக்கம் திரும்பி, "காங்கேயத்து எண்ணெய் எங்க வேணும்னாலும் போவும். எழுதுங்க சம்பந்தி" என்றார். அந்தக் குப்பி தப்பியது இப்படித்தான்.

மந்திரத்தில் எனக்கு ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. தூங்க வைக்கும் மந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று மகளும் மாப்பிள்ளையும் சொன்னார்கள். பத்துப் பேர் இருந்தால் எத்தனை பேர் தூங்குவார்கள் என்று பார்த்தேன். எல்லோரும் தூங்குவார்கள் என்ற உறுதி இல்லை. எல்லோரும் என்றால்தான் எனக்குப் போதும். சனிக்கிழமை மாலை, மாடியிலிருந்து கீழே பார்த்தபோது என் மனைவி பக்கத்து வீட்டு கேட் முன்னால் வாய் திறக்காமல் நின்றுகொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவன், உள்ளே போய் அந்த மந்திரத்தை அழித்துவிட்டு வேறொன்றை எழுதினேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ரசத்துக்குப் பிறகு எனக்கு மோர் இறங்கவில்லை. தலைக்கு மேலே விமானம் ஒன்று இறங்கும் சத்தம் அடங்கும்வரை காத்திருந்துவிட்டு மாப்பிள்ளை ஆரம்பித்தார். வீரனும் வில்லாளியும் வெளியே மரத்தடியில் குதிரைகளோடு காத்திருக்க, குள்ளன் மட்டும் போக வேண்டும். அவன் தவறினால் இன்னொரு வாய்ப்பு இல்லை. அடுத்த ஞாயிறு மகளும் மாப்பிள்ளையும் ஆகாயத்தில் இருப்பார்கள்.

மதில் ஏறக் குள்ளனுக்கு வராது. சாக்கடை வழியாகப் போகிறேன் என்றேன். சம்பந்தி மூக்கைப் பொத்திக்கொண்டார். முற்றத்தில் சத்தமில்லாமல் நடக்க முதல் உருட்டல். பத்து முகப் பகடைகள் இரண்டு, ஒன்று பத்துகளுக்கு, ஒன்று ஒன்றுகளுக்கு. அறுபதுக்குள் வர வேண்டும். எழுபத்தொன்று விழுந்தது. மாடத்தில் நின்றவன் திரும்புகிறான் என்றார் மாப்பிள்ளை. என் மகள் கண்ணை மூடிக்கொண்டாள். ஒளிய முப்பத்தைந்துதான் இருக்கிறது, நூற்றில் அறுபத்தைந்து வழி தோல்வி என்று எனக்குத் தெரியும். உருட்டினேன். பன்னிரண்டு. திரும்பியவன் கண்ணில் நிழல் மட்டும் பட்டது.

கூடத்தின் கதவுக்கு வந்ததும் காதை வைக்கிறேன் என்றேன். அந்த உருட்டலைப் பற்றிக் கவலைப்படவே இல்லை, அதில் அவ்வளவு போட்டிருந்தேன். உள்ளே அங்கும் இங்குமாக நடக்கும் இரண்டு ஜோடிக் காலடி கேட்கிறது என்றார் மாப்பிள்ளை. ஒரு பெண் குரலும் கேட்கிறது, வைத்தியச்சி யாரிடமோ கசாயத்தைப் பற்றிச் சொல்கிறாள்.

"அந்தக் குரலைக் கேட்டுப்போட்டேன், இல்லீங்களா?" என்றேன்.

"கேட்டுட்டீங்க மாமா."

"அப்ப என் மந்திரத்தைப் போடறேன். ஒருக்காக் கேட்ட குரலை வேற எடத்துல இருந்து வர மாதிரி எறியற மந்திரம். வைத்தியச்சி குரல் இங்க இருந்து வராது. அவளை அன்னைக்குப் புடிச்சாங்களே, அந்தப் பக்கவாட்டுக் கதவுக்கு வெளிய இருந்து வரும்."

மாப்பிள்ளை புத்தகத்தைப் புரட்டி அந்தப் பத்தியைப் படித்தார். இன்னொரு முறை படித்தார். "சரிங்க மாமா" என்றார். "குரல் என்ன சொல்லுது?"

மேசையில் சொன்னதுதான் ஆட்டத்தில் சொன்னது. நான் என் மனைவியைப் பார்த்தேன். "நீதான் சொல்லோணும் அம்மணி" என்றேன். "அன்னைக்குச் சொன்னதையே சொல்லு."

அவளுக்குப் புரிந்துவிட்டது. சம்பந்தியை ஒரு பார்வை பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்திருந்தார். என் மனைவி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, தெருக்கோடி வரைக்கும் கேட்கிற குரலில் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, ஊட்ல ஆருங்க?"

பக்கத்து வீட்டம்மா தன் வாசலுக்கு வந்து, "ஏனக்கா, கூப்புட்டீங்களா?" என்று கேட்டார். இல்லீங்க என்று மகள் சன்னல் வழியாகச் சொல்லி அனுப்பினாள்.

பூட்டிய சிறைக்குள் இருந்தவளின் குரல் வெளிக்கதவில் கேட்டால் காவலர்கள் என்ன செய்வார்கள்? அவள் தப்பிவிட்டாள் என்றுதான் நினைப்பார்கள். காவலர்களின் புத்திக்கு மாப்பிள்ளை இருபது முகப் பகடையை உருட்டினார்; இதில் எண் பெரிதாக விழுந்தால்தான் அவர்கள் ஏமாற மாட்டார்கள். மூன்று. இருவரும் வாளை உருவிக்கொண்டு பக்கவாட்டுக் கதவுக்கு ஓடினார்கள். என் மகள் கை தட்டினாள். நான் கூடத்துக்குள் போகிறேன் என்றேன்.

"உள்ள போறீங்க" என்றார் மாப்பிள்ளை. "முக்காலியில இன்னொரு காவலர் உக்காந்திருக்காரு மாமா. வயசானவரு. எந்திரிச்சு ஓட முடியாதவரு. இருமிக்கிட்டு உங்களையேதான் பாக்கறாரு."

காலடிகளை எண்ணினேனே தவிர, நடக்காமல் உட்கார்ந்திருப்பவனை எண்ணவில்லை. நிழல் இல்லை, மந்திரம் தீர்ந்துவிட்டது, கையில் இருப்பது எண்ணெய்க் குப்பி. இரண்டு குத்து, இரண்டு குத்து என்று மனம் எண்ணிக்கொண்டே இருந்தது.

"நீங்க பூட்டைப் பாருங்க" என்றாள் என் மனைவி. எனக்குச் சொல்லிவிட்டு மாப்பிள்ளை பக்கம் திரும்பினாள், காவலர் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார் என்பது போல. "ஏனுங்க, இருமல் எப்பிடியுங்க இருக்குது? கசாயம் குடிச்சீங்களா, இல்லை எடுத்து வெச்சுப்போட்டு மறந்துட்டீங்களா?"

மாப்பிள்ளை இருபது முகப் பகடையைக் கையில் எடுத்திருந்தார். அதை உள்ளங்கையில் வைத்து இரண்டு முறை புரட்டினார். பிறகு மேசைமேல் வைத்துவிட்டார். "குடிச்சனுங்க அம்மணி. தேவலையுங்க" என்றார், கிழவர் குரலில். "எனக்குத்தான் விளக்கு வெளிச்சத்துல கண்ணு சரியாத் தெரியறதில்லை. நான் இப்பிடிச் செவுத்துப் பக்கம் திரும்பி உக்காந்துக்கறேன்."

சம்பந்தி நீண்ட மூச்சு விட்டார். ஆனால் பூட்டு இன்னும் பூட்டித்தான் இருந்தது. ஓடியவர்கள் எந்த நேரமும் திரும்புவார்கள். எண்ணெய் விடுகிறேன் என்றேன். உருட்டினேன். பத்துகளின் பகடை சட்டென்று நின்றது, ஆறு. அதாவது அறுபது. மற்றது ஓரமாக உருண்டு போய் ரசச் சட்டியில் மோதி, சுழன்றுகொண்டே இருந்தது. ஐந்தோ அதற்குக் கீழோ வர வேண்டும். நான்கு.

அறுபத்து நான்கு. என் வரம்பு அறுபத்தைந்து. வெள்ளிக்கிழமை அந்தக் கடைசிப் புள்ளிகளை எங்கே போடுவதென்று ஒரு மணி நேரம் புலம்பியதும், பூட்டைத்தான் மூன்று முறை இழுத்துப் பார்ப்பவனாயிற்றே என்று அங்கே போட்டதும் நினைவுக்கு வந்தன. கதவு திறந்தது. எண்ணெய் விட்ட கீல் சத்தம் போடவில்லை.

ஓடு என்று மகள் கிசுகிசுத்தாள். நானும் வெளியே வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். என் மனைவி கையைக் காட்டி நிறுத்தினாள். இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது என்று அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. தடுக்க நினைத்தேன், தடுக்கவில்லை.

"போயிட்டு வாரேனுங்க" என்றாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவரிடம்.

"போயிட்டு வாங்க அம்மணி" என்றார் காவலர்.

சாக்கடை வழியாக இரண்டு பேரும் வெளியே வந்து குதிரை ஏறினோம். சம்பந்தி நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார், வாளைப் பிடித்தபடியே இத்தனை நேரமும் மரத்தடியில் நின்றவர் அவர்தான் என்பது போல வேர்த்திருந்தது. மேசையைச் சுற்றி வந்து என் கையை இரண்டு கையாலும் பிடித்து, "ரெட்டை நூலுங்க" என்றார். மனைவி எழுந்து எல்லோருக்கும் காப்பி கொண்டுவந்தாள். முதல் டம்ளரை எனக்கு வைத்தாள். சம்பந்தி இருக்கும்போது இருபத்தேழு ஞாயிறுகளில் அது முதல் தடவை.

மணி மலையிலேயே கிடந்தது. அதை யாரும் நினைக்கவில்லை.

அவர்கள் விமானம் ஏறிப் போன பிறகு, ஒரு விசேஷத்துக்காக நாங்கள் காங்கேயம் போனோம். பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கும்போது வீட்டில் கேஸை மூடினேனா என்று யோசித்துக்கொண்டே வந்தேன். சம்பந்தி வீட்டு கேட் திறந்துதான் இருந்தது. என் மனைவி அதற்கு வெளியே நின்றாள். கொண்டியைத் தட்டவில்லை.

"ஏனுங்க, ஊட்ல ஆருங்க?"

உள்ளே விசேஷத்துக்கு வந்த ஒறம்பரைகள், எல்லாம் சொந்தக்காரர்கள், நிறையப் பேர் இருந்தார்கள். இரண்டு மூன்று தலைகள் வாசல் பக்கம் திரும்பின. ஆலைப் பக்கமிருந்து சம்பந்தியின் குரல் வந்தது: "ஆரோ கூப்புடறாங்க பாரு, ஓடிப் போய்ப் புடிங்க."

"புடிச்சுத்தான் பாருங்களேன்" என்று என் மனைவி அதே சத்தத்தில் பதில் சொன்னாள். "என்னை வெளிய கூட்டியாற ஆள் இருக்குதுங்க."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே நடந்தாள். சம்பந்தி துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே எதிரே வந்து, எங்களுக்குத் தானே சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அங்கே இருந்தவர்களிடம், குள்ளன் ஒருவன் ஒரு குப்பி காங்கேயத்து எண்ணெயோடு கோட்டைக்குள் போன கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். உருட்டல்களில் இரண்டைத் தப்பாகச் சொன்னார். நான் திருத்தவில்லை. பூட்டுக்கு விழுந்தது அறுபத்து நான்கு என்பதை மட்டும் சரியாகச் சொன்னார்.